என் மனைவி கட்டிய கம்பைலர்

என் மனைவி ரவ்தாவிடம் யார் எதைக் கொடுத்தாலும் ஒரு கேள்வி வரும்: "இது எங்கேருந்து வந்துச்சு?" பக்கத்து வீட்டு நஜாத் ஒருமுறை மலைத்தேன் என்று ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தாள். "எந்த மலை?" என்றாள் ரவ்தா. நஜாத்துக்கு மலையின் பெயர் தெரியவில்லை. "தேன் குடுத்தா நன்றி சொல்லுவாங்க, இவ விசாரணை வைக்கிறா" என்று என்னிடம் முறையிட்டுவிட்டுப் போனாள். தேன் நன்றாகத்தான் இருந்தது. ரவ்தாவும் சாப்பிட்டாள். ஆனால் பாட்டிலின் மேல் 'மலை: தெரியவில்லை' என்று எழுதி ஒட்டிவிட்டுத்தான் சாப்பிட்டாள்.

ஸ்ஃபாக்ஸில், தெனியூர் சாலையில் எங்கள் வீடு. அவள் மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியை. நான் தலைநகர் தூனிஸுக்கு லூவாஜ் என்கிற வாடகை வேன் ஓட்டுகிறேன். வேனில் எட்டு இருக்கையும் நிறைந்தால் கிளம்புவோம். நிறையாவிட்டால் நிலையத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவோம். இந்தக் கதை தொடங்கியபோது எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி முதல் பத்து வருடம் பேசினோம், பிறகு பேசவில்லை.

பள்ளி வேலை போக ரவ்தாவுக்கு இன்னொரு வேலை இருந்தது. சம்பளம் இல்லாத வேலை. 'மினா' என்று ஓர் இயங்குதளம். பழைய கணினியில்கூட ஓடும், யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். எங்கள் நாட்டிலும் அல்ஜீரியாவிலும் ஜோர்டானிலும் ஏராளமான பள்ளிக்கூடங்களில் அதுதான். அதைச் செய்து பராமரிப்பவர்கள் முப்பது பேர். ஆளுக்கொரு ஊர். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் தினமும் எழுத்தில் சண்டை போட்டுக்கொள்வார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு சட்டம். மனிதர் எழுதிய, மனிதர் படிக்கக்கூடிய மூல நிரலிலிருந்து நம் கையால் கட்ட முடியாத எதுவும் மினாவுக்குள் வரக் கூடாது. யாரோ கட்டி முடித்துத் தந்ததை அப்படியே வாங்கி வைப்பது கிடையாது. ரவ்தாவுக்கென்றே செய்து வைத்த சட்டம் மாதிரி இருந்தது எனக்கு.

அந்தச் சட்டத்துக்கு ஒரே ஒரு விதிவிலக்கு இருந்தது. அதன் பெயர் 'வஸ்ல்'.

இரண்டாயிரத்துப் பதினேழு நவம்பரில் ஒரு நாள், சாப்பிடும்போது அவள் அதைப் பற்றிச் சொன்னாள். தொண்ணூறுகளில் தூனிஸில் ஒரு ஆய்வுக்கூடத்தில் உருவான கணினி மொழி அது. அரபு எழுத்துகளைத் திரையில் சரியாகக் கோத்துக் காட்டுவதற்காகச் செய்தார்கள். பள்ளி நேர அட்டவணை, மதிப்பெண் பட்டியல், பாடப்புத்தக அச்சு என்று எத்தனையோ இன்றும் அதில்தான் ஓடுகிறது.

"ஆள் எழுதின நிரலை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்திக் குடுக்கறதுதான் கம்பைலர்" என்றாள். "வஸ்லோட கம்பைலரையும் வஸ்ல்லயே எழுதி வெச்சிருக்காங்க. அப்ப அத மாத்தறதுக்கு ஏற்கெனவே ஒரு வஸ்ல் கம்பைலர் வேணும்."

"அத எது மாத்துச்சு?"

"அதுக்கு முந்தின பதிப்பு."

"அத?"

"அதுக்கும் முந்தினது."

நான் மீனில் முள் எடுத்துக்கொண்டே யோசித்தேன். "அதாவது, உலகத்துல முதல் டிரைவருக்கு லைசென்ஸ் குடுத்த ஆபீசருக்கு வண்டி ஓட்டத் தெரியுமா தெரியாதாங்கற மாதிரி."

ரவ்தா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். "பதினெட்டு வருஷமா உனக்கு நான் சொல்றது ஒண்ணும் ஏறலன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"அந்த ஆபீசர் யாரு?"

"அதுதான் யாருக்கும் தெரியாது. முதல் கம்பைலர வேற ஒரு மொழியில, சி-யில எழுதியிருக்காங்க. அதோட மூலம் தொலைஞ்சுபோச்சு. இப்ப நம்மகிட்ட இருக்கறது, யாரோ என்னைக்கோ கட்டிக் குடுத்த ஒண்ண வெச்சு அடுத்தது, அத வெச்சு அடுத்ததுன்னு பத்தொம்பது பதிப்பு. முதல் ஒண்ணுல என்ன இருந்துச்சு? யாரும் பாத்ததில்ல."

அம்மானில் நஷ்அத் என்று ஒருவர் இருக்கிறார், மினா குழுவிலேயே கறாரான ஆள். விதிவிலக்கு என்று ஒன்று இருக்கும்வரை சட்டம் என்று ஒன்று இல்லை, வஸ்லைத் தூக்கிவிடலாம் என்று அவர் எழுதியிருந்தார். தூக்கினால் பள்ளி அட்டவணை எல்லாம் போய்விடும். ஓட்டெடுப்புக்கு இரண்டு நாள் முன்னால் ரவ்தா நாலே வார்த்தையில் பதில் போட்டாள்: எனக்கு ஒரு வருடம் கொடுங்கள்.

"எதுக்கு நீ தலையக் குடுத்த? முப்பது பேர் இருக்காங்கல்ல?" என்றேன்.

"முப்பது பேரும் அதையேதான் நெனச்சிருப்பாங்க."

*

அவள் செய்ய நினைத்தது இதுதான். கிடைத்ததில் மிகப் பழைய மூலம் வஸ்லின் மூன்றாம் பதிப்பு. அதைப் படித்து நடத்தக்கூடிய சின்ன நிரல் ஒன்றை அவளே சி மொழியில், முதல் வரியிலிருந்து எழுதுவது. மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை. அது மூன்றாம் பதிப்பைக் கட்டும்; மூன்று நான்கைக் கட்டும்; அப்படியே பத்தொன்பது வரை ஏறி வருவது. வழியில் எங்கேயும் யாரோ கொடுத்த பெட்டியைத் திறக்காமல் வாங்கக் கூடாது.

ஒன்பது மாதம் எழுதினாள். பள்ளியிலிருந்து வந்ததும் மேசை. பரீட்சைத்தாள் ஒரு பக்கம், லேப்டாப் ஒரு பக்கம். சில நாள் ஒரு வரிகூட எழுதாமல் பழைய மூலத்தை வெறுமனே படித்துக்கொண்டிருப்பாள். படிக்கும்போது சிரிப்பாள். "என்ன?" என்றால், "எழுதினவங்களுக்கு நல்ல மனசு. தப்பு பண்ணினா திட்டாம, எங்க தப்புன்னு அழகா சொல்லுது" என்பாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆகஸ்டில் முதல்முறையாக ஓட விட்டாள். அவளுடைய சின்ன நிரல் நொண்டி நொண்டி மூன்றாம் பதிப்பைக் கட்ட நாலு நாள் ஆகும் என்று கணக்கு. மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு, நாற்பத்து மூன்று டிகிரி வெயிலில், ஊரே மின்விசிறியையும் ஏசியையும் போட்டதில் கரண்ட் போனது. திரை கறுத்தது. அவள் அழவில்லை. எழுந்துபோய் வீட்டிலிருந்த திரைச்சீலை அத்தனையையும் கழற்றித் துவைத்தாள்.

எனக்குத் தெரிந்த வேலை வண்டி வேலைதான். மறுநாள் லூவாஜிலிருந்து கழற்றிப் போட்டிருந்த பழைய பேட்டரி ஒன்றையும், மின்வேலை செய்யும் நண்பனிடமிருந்து ஒரு இன்வெர்ட்டரையும் கொண்டுவந்து மேசைக்கடியில் மாட்டினேன்.

"இதுல வெடிக்கறது கிடிக்கறது ஒண்ணும் இல்லியே?" என்றாள்.

"தூனிஸ்வரைக்கும் எட்டு ஆள ஏத்திக்கிட்டுப் போன பேட்டரி. உன் மெஷின சுமக்காதா?"

இரண்டாம் தடவையிலும் கரண்ட் இரண்டு முறை போனது. மெஷின் நிற்கவில்லை. ஐந்தாம் நாள் காலை மூன்றாம் பதிப்பு எழுந்து நின்றது. அவள் அதற்கு ஒரு சின்னக் கணக்குக் கொடுத்தாள். சரியான விடை வந்தது. என் தோளில் தலை வைத்துக்கொண்டு, "ஒண்ணு போட்டு ஒண்ணு கூட்டச் சொன்னேன், ரெண்டுன்னுச்சு" என்றாள், ஏதோ பெரிய ரகசியம் சொல்வதுபோல.

நாலு, ஐந்து, ஆறு, ஏழு சீக்கிரம் வந்துவிட்டன. எட்டில் மாட்டிக்கொண்டாள். எட்டாம் பதிப்பைக் கட்ட எட்டாம் பதிப்பே வேண்டும் என்று இருந்தது. நடுவில் யாரோ ஒரு படி வைத்துத்தான் ஏறியிருக்க வேண்டும். ஏறிய பிறகு அந்தப் படியை வெளியில் விடவில்லை.

"பாலம் உடைஞ்ச ரோடு" என்றேன்.

"பாலம் இருந்ததுக்கு அடையாளமே இல்லாத ரோடு."

அந்தக் காணாமல்போன படியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து அவளே ஊகித்து எழுத மூன்று மாதம் ஆனது. பிறகு மளமளவென்று ஏறி, கேட்டு வாங்கிய ஒரு வருடத்தைத் தாண்டி இரண்டு மாதத்தில், ஜனவரி நடுவில் பத்தொன்பது வந்தது.

*

கடைசியாக ஒரு சோதனை மிச்சம். அதே மூலம், ஒரு பக்கம் பரம்பரையாக வந்த பழைய கம்பைலரால் கட்டிய பத்தொன்பது, மறுபக்கம் ரவ்தாவின் வழியில் வந்த கம்பைலரால் கட்டிய பத்தொன்பது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு புள்ளிகூட மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். இருந்தால், இத்தனை வருடம் உள்ளே யாரும் எதையும் ஒளித்து வைக்கவில்லை என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். மழை. நான் தூனிஸிலிருந்து திரும்பி ஈரச் செருப்போடு உள்ளே வந்தபோது அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினாலு பைட் வித்தியாசம்."

"மொத்தம் எத்தனையில?"

"முப்பது லட்சத்துல."

"அடி, அது ஒண்ணுமே இல்லையே! எங்க ஸ்டேஷன் கணக்குல இதவிட..."

"லஸ்ஸாத். ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

செய்தி குழுவுக்குப் போனது. நஷ்அத் உடனே எழுதினார்: யாரோ ஏதோ ஒளித்து வைத்திருக்கிறார்கள், நான் அப்போதே சொன்னேன். ரவ்தாவைப் பயம் பிடித்துக்கொண்டது. பதினாலு பைட் போதுமாம், ஒரு கள்ளக் கதவு வைக்க. "என் பிள்ளைங்க லேப்ல நானே கையால போட்டுக் குடுத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுக்கு மாணவர்கள் எல்லாரும் பிள்ளைகள்தான்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அந்தப் பதினாலு பைட்டையும் நிரலின் கட்டளைகளாகப் படித்துப் பார்த்தாள். எந்தக் கட்டளையாகவும் அது பொருள்படவில்லை. திங்கட்கிழமை காலை நான் முகம் மழித்துக்கொண்டிருந்தேன்.

"லஸ்ஸாத்! இங்க வா! ஓடி வா!"

பாதி முகத்தில் நுரையோடு ஓடினேன். இன்றைய கணினிகள் மறந்துவிட்ட ஒரு பழைய அரபு எழுத்து அட்டவணை உண்டாம், தொண்ணூறுகளில் புழங்கியது. அதை வைத்துப் படித்திருக்கிறாள். பதினாலு பைட்டும் பதினாலு எழுத்தாக, நடுவிலிருந்த ஓர் இடைவெளியையும் சேர்த்து, திரையில் நின்றன. ஜலீலா அல்வர்தானி.

"யாரு இது?"

"தெரியல."

"பொம்பளப் பேரு."

"அது எனக்கும் தெரியுது."

மூன்றிலிருந்து பத்தொன்பது வரை எல்லாப் பதிப்பின் மூலத்திலும் அந்தப் பெயரைத் தேடினாள். எங்கேயும் இல்லை. ஒரே ஒரு வரி மட்டும் கிடைத்தது. மூன்றாம் பதிப்பிலிருந்து யாரும் தொடாமல் அப்படியே வந்துகொண்டிருந்த வரி. அதன் பொருளை எனக்குச் சொன்னாள்: 'என்னைக் கட்டுகிற கம்பைலரிடம் என்ன பெயர் இருக்கிறதோ, அதை நானும் வைத்துக்கொள்கிறேன்.' எந்தப் பெயர் என்று எழுத்தில் இல்லை. தன்னைக் கட்டியதிடம் ஒன்று கேட்டு வாங்கி, அதனிடம் அடுத்தது வாங்கி, அந்தப் பெயர் அத்தனை வருடமும் கைமாறி வந்திருக்கிறது. ரவ்தாவின் சின்ன நிரலுக்கு அந்தப் பெயர் தெரியாது. அதனால் அவள் வழியில் வந்த பத்தொன்பதில் அந்த இடம் வெறும் சுழியங்களாக இருந்தது.

ஆபத்தில்லை என்று தெரிந்ததும் நஷ்அத்தே இறங்கி வந்தார். விட்டுவிடு, நீ கட்டியதை வெளியிடு என்று எழுதினார். ரவ்தா வெளியிடவில்லை.

"என்ன யோசிக்கிற?" என்றேன்.

"நான் வெளியிட்டா இந்தப் பேரு அழிஞ்சுபோயிடும். வேற எங்கயுமே இல்ல இது."

"அவங்க யாருன்னே உனக்குத் தெரியாதே."

"தெரியாம எப்படி அழிக்கறது?"

*

வஸ்லைப் பற்றி அந்தக் காலத்தில் வெளிவந்த கட்டுரையில் ஒரே ஒரு பெயர் இருந்தது: மிக்தாத் அல்அயாரி. ரவ்தா பழைய முகவரிகளுக்கு நாலு மெயில் போட்டாள். பதில் இல்லை. ஆள் இருக்கிறாரா என்பதே குழுவில் யாருக்கும் தெரியவில்லை. நான் தூனிஸ் நிலையத்தில் காபி குடிக்கும்போது கெஃப் ஊர்த் தடத்து டிரைவர் ஒருவனிடம் சும்மா கேட்டுவைத்தேன்.

"அயாரியா? ரேடியோ ரிப்பேர் பண்ற ஸி மிக்தாத்தா? கோட்டைக்குக் கீழ வீடு. வாரம் ஒருக்கா என் வண்டியிலதான் ஸ்பேர் பார்ட் வாங்க வருவாரு. நல்ல மனுஷன், பேச மாட்டாரு." 'ஸி' என்றால் எங்கள் பேச்சில் 'ஐயா' மாதிரி ஒரு மரியாதை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "உங்க முப்பது பேரும் மூணு வாரமா தேடினீங்க. எங்க ஆளு பாதி காபியில கண்டுபிடிச்சுட்டான்."

"உங்க இயங்குதளம் பரவாயில்லதான்" என்றாள்.

மார்ச் விடுமுறையில் போனோம். என் உரிமம் தூனிஸ் தடத்துக்கு மட்டும் என்பதால் மற்றவர்கள் வண்டியில் பயணிகளாகப் போகவேண்டியிருந்தது. கைரவான் வரை ஒரு வண்டி, அங்கிருந்து மக்தர் வழியாக இன்னொன்று. ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. "கால வெச்சுக்கிட்டு சும்மா இரு, தரை ஓட்டையாயிடும்" என்று ரவ்தா என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கெஃப் வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

ஸி மிக்தாத்துக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். உயரமான மனிதர். மேலே பழுப்புக் கம்பளி அங்கி, மூக்கு நுனியில் கண்ணாடி. கதவைப் பாதி திறந்து, "ரேடியோவா?" என்றார்.

"இல்லீங்க. வஸ்ல்" என்றாள் ரவ்தா.

அவர் கண்ணாடியை மேலே தள்ளி அவளைப் பார்த்தார். "அது இன்னுமா இருக்கு?"

"இருக்கு. பத்தொம்பதாவது பதிப்பு."

"நான் ஆறோட விட்டேன்" என்று சொல்லிக் கதவை முழுதாகத் திறந்தார்.

அறை முழுவதும் பிரித்துப் போட்ட வானொலிகள். எங்களை உட்காரவைக்க இரண்டு நாற்காலியிலிருந்து பெட்டிகளை இறக்கினார். டீ போட்டார். ரவ்தா மூச்சு விடாமல் தன் வேலையைச் சொன்னாள்: சின்ன நிரல், மூன்று, எட்டில் இல்லாத படி. அவர் இடையிடையே தலையை ஆட்டினார். எட்டைப் பற்றிச் சொன்னபோது மட்டும், "ஏழரைன்னு ஒண்ணு இருந்திருக்கணும். சோம்பேறிங்க, வெளியிடல" என்று முனகினார். பிறகு அவள் பதினாலு பைட்டுக்கு வந்தாள். பெயரைச் சொன்னாள்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். வெளியில் யாரோ காய்கறி விற்றுக்கொண்டு போனான்.

"முதல் கம்பைலர் அவ எழுதினது" என்றார். "முழுசும். நான் கட்டுர எழுதினேன், அவ நிரல் எழுதினா. எங்க ஊர்ப் பக்கத்துப் பொண்ணு. ஒப்பந்த வேலையில இருந்தா. எடதுகைக்காரி, கீபோர்டுக்கு ஒருக்களிச்சுதான் உக்காருவா. தப்பு பண்ற ஆளுக்கு மெஷின் மரியாதையா பதில் சொல்லணும்னு என்கிட்ட ஒரு வாரம் சண்ட போட்டா."

ரவ்தா என்னைப் பார்த்தாள்.

"தொண்ணூத்தி ஏழுல, ஒரு ரத்த நோயில போயிட்டா. முப்பத்தொரு வயசு. அந்தக் கோடையில எங்க கல்யாணத்த வெச்சிருந்தோம்." இதை அவர் வானிலை சொல்வதுபோலச் சொன்னார். "கட்டுர அச்சுக்குப் போனப்ப, ஒப்பந்தக்காரங்க பேரெல்லாம் வராதுன்னு மேல இருந்தவங்க எடுத்துட்டாங்க. மூலத்துலயும் யார் பேரும் போடக் கூடாதுன்னாங்க. நான் சண்ட போட்டிருக்கணும். போடல. அப்ப எனக்குத் தெம்பு இல்ல. அதனால திருட்டுத்தனமா ஒண்ணு பண்ணினேன். மூணாவது பதிப்பக் கட்டும்போது ஒரே ஒரு தடவ அவ பேர உள்ள எழுதிக் கட்டினேன். அப்புறம் அந்த வரிய அழிச்சுட்டு, 'உன்னக் கட்டினதுகிட்டக் கேட்டுக்கோ'ன்னு எழுதி வெச்சேன். மூலத்தப் படிக்கறவனுக்குப் பேரு தெரியாது. ஆனா எங்க போனாலும் அவளும் போவா. கொஞ்ச நாள்ல யாராவது அந்த வரிய எடுத்திருப்பாங்கன்னு நெனச்சேன்."

"யாரும் எடுக்கல" என்றாள் ரவ்தா.

"எத்தன மெஷின்ல இருக்கும்?"

"கணக்கு கிடையாது. பள்ளிக்கூடம் மட்டுமே ஆயிரக்கணக்குல. எங்க லேப்ல இருபத்திரெண்டு."

அவர் கண்ணாடியைக் கழற்றி அங்கியின் ஓரத்தில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். ரவ்தா லேப்டாப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள். பெயர் திரையில் இருந்தது. அவர் அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார்.

பிறகு நிமிர்ந்து, "நீங்க கட்டினதுல அது இல்ல, இல்லியா? இல்லாமலே இருக்கட்டும் மதாம். நான் பண்ணினது தப்பு. ஒளிச்சு வெக்கறது எதுக்காக இருந்தாலும் தப்புதான். அவ இருந்திருந்தா என்னைத்தான் திட்டியிருப்பா" என்றார்.

"நானும் ஒளிச்சு வெக்க மாட்டேன்" என்றாள் ரவ்தா. "ஆனா இல்லாம விடவும் மாட்டேன். மூலத்துலயே எழுதறேன், எல்லாரும் படிக்கற எடத்துல. முதல் கம்பைலர் எழுதினவங்க யாரு, அவங்க பேரு ஏன் இவ்வளவு நாள் வெளிய தெரியலன்னு. நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதறேன். சரியா?"

அவர் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றார். "எடதுகைக்காரின்னு போடணுமா?" என்று முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

"நீங்க சொன்னா போடலாம்."

"போடுங்க."

சாயங்காலம் வரை எழுதினார்கள். பதினோரு வரி. நான் நடுவில் போய் ரொட்டியும் வறுத்த மிளகாய் முட்டையும் வாங்கி வந்தேன்.

*

ஏப்ரலில் ரவ்தா கட்டிய வஸ்ல் மினாவுக்குள் போனது. விதிவிலக்குப் பட்டியல் காலியானது. பழைய வழியில் வந்ததும் அவள் வழியில் வந்ததும் இப்போது ஒரு புள்ளிகூட மாறாமல் ஒன்றாக இருந்தன. பெயர் இரண்டு பக்கமும் மூலத்திலிருந்தே வந்தது. நஷ்அத் அந்தப் பதினோரு வரியைப் படித்துவிட்டு, அது நிரலுக்குத் தேவையில்லாத செய்தி, ஆனாலும் என் ஓட்டு ஆதரவாக என்று எழுதினார். அவரைப் பொறுத்தவரை அது கண்ணீர் விட்டதற்குச் சமம் என்றாள் ரவ்தா.

ஸி மிக்தாத் மெயிலுக்குப் பதில் போட ஆரம்பித்தார். முதல் பதிலே புகார். ரவ்தாவின் சின்ன நிரலில் ஒரு தவறு கண்டுபிடித்திருந்தார். "இருபது வருஷமா ரேடியோ ரிப்பேர் பண்ணிட்டு வந்து என் கணக்குல தப்புங்கறாரு!" என்று வீடெல்லாம் கத்தினாள். அவர் சொன்னது சரியாக இருந்தது. திருத்தினாள்.

பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். உப்புக்கண்ட மீனும் வெங்காயமும் திராட்சையும் போட்டு வதக்கிய எங்கள் ஊர் ஷர்மூலாவை முகம் சுளித்துக்கொண்டு தொட்டு, பிறகு மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இரண்டு நாளும் அவரும் ரவ்தாவும் மேசையில் உட்கார்ந்து இருபதாம் பதிப்பைப் பற்றி வாதாடினார்கள். நான் இருக்கிறேனா என்பதே இருவருக்கும் ஞாபகமில்லை. ரவ்தா அத்தனை சத்தமாகச் சிரித்து நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் என் வண்டியில் முன்னிருக்கையில் உட்கார்ந்து தூனிஸுக்குக் கிளம்பினார். தூனிஸில் பயணிகள் எல்லாரும் இறங்கிய பிறகும் அவர் இறங்கவில்லை.

"ஸி லஸ்ஸாத், உங்களுக்கு நேரம் இருக்கா? ஜல்லாஸ் வரைக்கும் ஒரு தடவ போயிட்டு வரணும். தனியா போக..." என்று நிறுத்தினார்.

ஜல்லாஸ் அடக்கத்தலம் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். வழியில் ஒரு கடைக்குள் நுழைந்து எதையோ வாங்கி அங்கிக்குள் வைத்துக்கொண்டார். மேட்டில் ஏறி, வரிசைகளுக்கு நடுவே நெடுநேரம் தேடினோம். அவர் கடைசியாக வந்து பதினைந்து வருடம் ஆகியிருந்ததாம். இரண்டு முறை தவறான வரிசையில் நின்றோம். மூன்றாவதாக, ஒரு சைப்ரஸ் மரத்தடியில் ஜலீலாவின் கபர் கிடைத்தது. பளிங்குக் கல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வெட்டிய எழுத்துகளில் இருந்த கறுப்பு, மழையில் கரைந்துபோய், பக்கத்தில் குனிந்தால்தான் படிக்க முடிந்தது.

ஃபாத்திஹா ஓதினோம். பிறகு அவர் அங்கிக்குள்ளிருந்து ஒரு சின்ன டப்பா கறுப்புப் பெயின்டையும் மெல்லிய தூரிகை ஒன்றையும் எடுத்தார். நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டேன். ரேடியோவுக்குள் ஈயம் வைத்துப் பழகிய கை. ஒவ்வோர் எழுத்தாக, வெளியே ஒரு துளி வழியாமல் நிரப்பினார்.

பாதியில் ரவ்தா போன் பண்ணினாள். "கிளம்பிட்டியா?"

"இல்ல. ஸி மிக்தாத் கூட ஜல்லாஸ்ல இருக்கேன்."

"அவர அவசரப்படுத்தாத" என்றாள். "நீ மெதுவா வா."

வெயில் இறங்கும்போதுதான் நிலையத்துக்குத் திரும்பி, ஸி மிக்தாத்தைக் கெஃப் வண்டியில் ஏற்றிவிட்டேன். என் முறை எப்போதோ போய்விட்டிருந்தது. எனக்கு முன்னால் ஆறு வண்டிகள். கை விரல்களில் கறுப்புப் பெயின்ட் ஒட்டியிருந்தது. வரிசையில் கடைசியாக வண்டியை நிறுத்திவிட்டு, ஆள் சேரட்டும் என்று உட்கார்ந்தேன்.